ஸ்கேனருக்கு முன் மல்டிமீட்டர்

பழைய சொகுசு செடான் ஒன்றில் சஸ்பென்ஷன், பிரேக், கியர் பாக்ஸ் எச்சரிக்கைகள் மூன்றும் ஒரே காலையில் எரிந்தால், மூன்று பாகங்கள் ஒரே ராத்திரியில் கெட்டுவிட்டன என்று நம்ப நியாயமில்லை. மூன்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்கும். பெரும்பாலும் அது மின்னழுத்தம். 2002-இல் வந்த மெர்சிடீஸ் இ-கிளாஸையே (டபிள்யூ 211 தலைமுறை) எடுத்துக்கொள்வோம். அதன் கன்ட்ரோல் யூனிட்கள் கேன் வலையமைப்பில் ஒன்றோடொன்று பேசுகின்றன. வோல்டேஜ் சரிந்தால், பக்கத்து யூனிட் பதில் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றும் புகார் பதிந்துவைக்கும். ஸ்கேனர் கோடுகளாக வாசிப்பது அந்தப் புகார்களைத்தான். அவற்றில் பெயர் வந்த பாகத்தையெல்லாம் மாற்றினால் பணம்தான் கரையும். 2005 மார்ச்சில் மெர்சிடீஸ் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது, ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டரும் பேட்டரி கன்ட்ரோல் மென்பொருளும் சரிசெய்யும் பட்டியலில் இருந்தன.

ஆகவே முதல் வேலை, கோடுகளை எல்லாம் எழுதிவைத்துக்கொண்டு பேட்டரியை அளப்பது. ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை வராவிட்டால் கை ஆல்டர்னேட்டர் பக்கம் போகவேண்டும். இந்தத் தலைமுறையின் ஆரம்ப வண்டிகளில் டிக்கியில் பெரிய பேட்டரியும் பானட்டுக்குள் சிறிய துணை பேட்டரியும் உண்டு. சின்னதை மறந்துவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. பேட்டரி சரி என்று தெரிந்தபின் கோடுகளை அழித்து, வண்டியை ஓட்டி, எவை திரும்ப வருகின்றன என்று பாருங்கள். விசாரிக்க வேண்டியவை அவை மட்டுமே.

“பேட்டரி புதுசு, போன வருஷம்தான் போட்டேன்” என்பார்கள். புது பேட்டரியையும் உறிஞ்ச ஆள் இருக்கலாம். பூட்டிய கார் தூங்கியபின் 50 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். ஐந்து நாள் நின்றால் 95 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. இதை அளக்க டிக்கியின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்து, அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு டி.சி. கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளில் மாட்டுங்கள். ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்க்கலாம்தான். ஆனால் அதற்காகக் கதவைத் திறந்தால் எல்லா யூனிட்டும் விழித்துக்கொள்ளும். ஃபியூஸின் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் அளப்பது மேல்.

ஏர் சஸ்பென்ஷனில் கம்ப்ரஸர் எரிந்ததாகக் கோடு வந்தால், எரிந்தது உண்மைதான், எரித்தது வேறொன்று. எங்கோ காற்று கசிய, அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியிருக்கும். சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் ராத்திரியும் காலையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துப் பையையோ குழாயையோ சோப்புத் தண்ணீரால் சோதிக்கலாம். இரண்டு மூன்று மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கையும் பாருங்கள். கசிவை அடைக்காமல் போடும் புது கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். ரிலேயையும் கூடவே மாற்றிவிடுங்கள், விலை அற்பம். ஸ்டாண்டு கொடுக்காமல் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் பெட்டியே போய்விட்டது என்ற தீர்ப்பையும் உடனே ஏற்கவேண்டாம். கியர் பாக்ஸின் 13 முனை பிளக்கில் ரப்பர் வளையம் தளர்ந்தால், ஆயில் வயர் வழியாகவே ஊர்ந்து கன்ட்ரோல் யூனிட்டை எட்டும். யூனிட்டின் கனெக்டரைக் கழற்றினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆயுளுக்கும் ஆயில் மாற்றத் தேவையில்லை என்ற வாதமும் நிற்காது: கியர் பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்.எஃப். (ZF) நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

ஸ்கேனர் காட்டும் கோடை அப்படியே நம்பவேண்டிய இடமும் உண்டு. இதே காரின் ஆரம்ப வண்டிகளில் இருந்த எஸ்.பி.சி. மின்-ஹைட்ராலிக் பிரேக் யூனிட், பிரேக் அழுத்திய தடவைகளை எண்ணிவைத்து, வரம்பு தாண்டியதும் சிவப்பு எச்சரிக்கை காட்டும். 2004-இல் இதற்காக மட்டும் 6,80,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2006 மாற்றத்தில் இ-கிளாஸிலிருந்தே இதை நீக்கிவிட்டார்கள். சிவப்பு வந்தால், பேட்டரிதானே என்று தள்ளிப்போடாமல் வண்டியை டிரக்கில் ஏற்றி அனுப்புங்கள். பேட் மாற்றுவதானாலும் ஸ்கேனரால் எஸ்.பி.சி.யை முடக்கிய பிறகே காலிப்பரைத் தொடவேண்டும். கதவைத் திறந்தாலே அது தானாக அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். இடையில் இருக்கும் விரல் நசுங்கும்.