தேடுவதும் நிறுத்துவதும்



மகளுக்கு வரன் தேடும் வீடுகளில் இரண்டு விதமான பெற்றோரைக் காண்கிறோம். ஒருவர் நற்குணம், நிலையான தொழில், குடிப்பழக்கமின்மை என்று தமக்கு வேண்டியவற்றை முதலிலேயே தீர்மானிக்கிறார். அப்படிப்பட்ட வரன் அமைந்து, மகளும் சம்மதித்தால் தேடுவதை நிறுத்திவிடுகிறார். மற்றவரோ எல்லாரிலும் மேலானவனே வேண்டுமென்கிறார். நல்ல இடம் வந்தாலும், இதைவிட நல்லது வராதா என்று காத்திருக்கிறார்.

இவ்விரு மனநிலைகளையும் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதன் எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வதில்லை, போதுமானதைக் கண்டதும் ஏற்றுக்கொள்கிறான் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-ல் எழுதினார். ஏனெனில் நமக்குள்ள காலமும் அறிவும் அளவுக்குட்பட்டவை. இவர் 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் நம் சிந்தனைக்குரியது. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் ஆகிய மூவர், அமெரிக்காவில் 11 கல்லூரிகளில் படிப்பு முடிந்து வேலை தேடிய மாணவர்களைக் கவனித்தார்கள். மிகச் சிறந்ததையே நாடியவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலான சம்பளத்தில் அமர்ந்தார்கள். ஆனால் திருப்தி அவர்களுக்கே குறைவாயிருந்தது! காரணம் என்ன? தாங்கள் நாடாமல் விட்டவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறருடைய நிலையையே தங்களுக்கு அளவுகோலாகக் கொண்டார்கள்.

"அப்படியானால் கிடைத்தது போதுமென்று இருந்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. குணங்கெட்ட மாப்பிள்ளையை அவசரத்தில் ஒப்புக்கொள்வது பெருந்தவறு. போதுமானதை ஏற்பவனின் அளவுகோல் உயர்ந்ததாகவே இருக்கலாம். அதை எட்டியதும் நிறுத்தத் தெரிந்தவன் அவன்.

ஆகையால், மகளின் கலியாணமானாலும் மகனின் படிப்பானாலும், இம்மூன்றையும் கைக்கொள்ளுங்கள்.

1. தேடத் தொடங்குமுன் குடும்பமாய் உட்கார்ந்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு, அவசியமானவை இன்னவையென்று எழுதிவையுங்கள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

2. அவை அமைந்துவிட்டால் தேடுவதை நிறுத்துங்கள். "இன்னும் ஓர் இடம் பார்க்கலாம்" என்பதற்கு இடங்கொடாதீர்கள்.

3. முடிவான பின், அடுத்த வீட்டாருக்கு வாய்த்ததோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். முக்கியமாய், பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள்.

பெற்றோர் மேலானதைத் தேடிக்கொண்டிருக்கையில் கழிவது பெண்ணின் வயது என்பதை மறவாதீர்கள்.

பங்குக்குரு