ஜோடி இல்லாமல் காய்த்த மங்குஸ்தான்

கேள்வி: எங்கள் மாமனார் குற்றாலத்தில் கன்று வாங்கிவந்து நட்ட மங்குஸ்தான் மரம், பன்னிரண்டு வருஷமாக இலையைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை. வெட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இந்த ஆடியில் கிளைக்குக் கிளை காய்! சுற்றுவட்டாரத்தில் ஜோடி மரமே இல்லையே, எப்படிக் காய்த்தது? இதற்குப் பூர்வீகம் எது?
— ஒரு வாசகி, மேலகரம்

பதில்: நல்லவேளை, அரிவாள் எடுக்கவில்லை. ஏழெட்டு வருஷத்தில் காய்த்தாலே மங்குஸ்தானுக்கு அது அவசரம்தான். அதன் வேரில் தூவிகள் கிடையாது. அதனால் நீரையும் சத்தையும் மெதுவாகத்தான் இழுக்கும். ஒவ்வொரு துளிரிலும் இரண்டே இலை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சும்மா நிற்கும்.

ஜோடி மரம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குற்றாலத்து ஜாதிக்காய்த் தோட்டக்காரரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மங்குஸ்தானுக்கு நெருங்கிய சொந்தமான குடம்புளியிலும் பெரும்பாலும் அதே கதை. மங்குஸ்தானுக்கு மட்டும் ஆண் துணை தேவையில்லை. பூவில் மகரந்தக் காம்புகள் பேருக்கு இருக்கும், மகரந்தம் உதவாது. பூ தானாகவே காயாகும். விதைக்குள் இருக்கும் முளையும் தாய் மரத்தின் திசுவிலிருந்து வருவதுதான். ஆகவே விதை போட்டு வளர்த்தாலும் கிடைப்பது தாயின் நகல். உங்கள் மாமனார் நட்ட கன்றை இன்னொரு மரத்தின் பிள்ளை என்பதைவிட, அதே மரத்தின் தொடர்ச்சி என்பதே சரி.

அந்தத் தொடர்ச்சியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் மலாய் தேசத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் பக்கத்துப் பயிர்கள் இங்கே வந்த கதை இது: 1796இல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து கீழைத்தீவுகளான அம்போய்னா, பாண்டாவைப் பிடித்தார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் அவர்கள் கைக்கு வந்தன. கொஞ்ச காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. கீழைத்தீவுப் பயிர்களுக்கு இங்கே இடம் கிடைத்தது அப்படித்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும், மலையடிவார ஈரமும் அவற்றுக்குப் பிறந்த வீடு மாதிரி. இங்கிலாந்தில் ஒரு பிரபு கண்ணாடி வீட்டில் சூடேற்றி வளர்த்து 1855இல்தான் இந்தப் பழத்தைப் பழுக்க வைத்தார். நமக்குச் சாரல் இலவசம்! ஐந்தருவிக்கு மேலே பழத்தோட்ட அருவி இருக்கும் தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் இன்றைக்கும் மங்குஸ்தான் நிற்கிறது. நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு தோட்டங்களிலும் உண்டு.

அக்கம்பக்கத்தார் விதை கேட்பார்கள். தின்ற கையோடு ஈரம் காயாமல் மண்ணில் ஊன்றச் சொல்லுங்கள். உலர்ந்த விதை முளைக்காது. பழத்துக்கு எட்டுப் பத்து சுளை இருக்கும் என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறவும் வேண்டாம். பழத்தின் அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.