வாரம் ஒரு சொல்: வேரைத் தேடுவோம்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ‘நியூஸ்’ என்னும் சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து உருவான சொல் அது என்றேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னது அது. நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன்.

மறுநாள் ஒரு மாணவி நூலக அகராதியுடன் வந்தாள். “சார், இதுல வேற மாதிரி போட்டிருக்கே” என்றாள். புதியது என்று பொருள்படும் ‘நியூ’ என்பதன் பன்மை வடிவமே ‘நியூஸ்’ என்று அதில் இருந்தது. வகுப்பின் முன் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து வாரம் ஒரு அரிய சொல்லை எடுத்து, அதன் வேரை மாணவர்களுடன் சேர்ந்தே தேடுகிறேன். அவற்றுள் மூன்று இங்கே.

செரண்டிபிட்டி: தேடாத நல்லதொன்று தற்செயலாகக் கிடைப்பது. ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று எழுதிய கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார். செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையே இதற்குத் தூண்டுகோல்.

குவாரண்டைன்: கொரோனா காலத்தில் எல்லோரும் கேட்ட சொல், வேரை அறிந்தவர் குறைவு. இத்தாலிய மொழியில் ‘குவாரண்டா’ என்றால் நாற்பது. கொள்ளைநோய்க்கு அஞ்சி, வரும் கப்பல்களை வெனிஸ் நகரம் 40 நாள் தனித்து நிறுத்தியது. அதற்கு முன்பே, 1377இல், ரகுசா நகரம் 30 நாள் விதித்திருந்தது. இன்றைய குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரமே அது.

மல்லிகட்டானி: ஒரு சூப்பின் பெயர். மெதுவாக, பிரித்துச் சொல்லிப் பாருங்கள் என்றேன். மூன்றாம் முறை சொல்லும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிளகுத்தண்ணி சார்!” ஆங்கிலப் பாடவேளையில் அதுவரை வாய் திறக்காத மாணவன் அவன். ஆங்கிலேயர் நம் மிளகுத்தண்ணீரைத்தான் அப்படிக் கொண்டுபோனார்கள் என்றதும் வகுப்பே கைதட்டியது.

வகுப்பில் இதைச் செய்வது எளிது. முதலில் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருளை ஊகிக்கச் சொல்லலாம். பிறகு குழுவாக அகராதியைப் பார்த்து வேரைக் கண்டறியலாம். இறுதியில் அச்சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் செய்யலாம். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். கதையோடு அறிந்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கேட்க அழகாக இருக்கும் விளக்கங்கள் எல்லாம் உண்மையல்ல. நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்ற எளிய சொல்லுக்கே வேர் தெளிவாகத் தெரியவில்லை என்கின்றன அகராதிகள். அத்தகைய இடத்தில் “தெரியவில்லை” என்று நாமும் சொல்வோம். அகராதியோடு வந்து நிற்கும் மாணவியை வரவேற்கவும் அது நம்மைத் தயார்ப்படுத்தும்.