நாய்ச் சொறி

இரவில் மரவள்ளித் தோட்டத்திற் பன்றி இறங்குவதை முதலில் அறிவிப்பது காவற்கொட்டிலிற் படுத்திருக்கும் நாயே. அந்நாய் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, இராப்பகலாகச் சொறிந்துகொண்டிருக்குமாயின் காவல் கெடும். இதனைக் காணும் கமக்காரர் சிலர் கழிவெண்ணெயைப் பூசுவர். வேறு சிலர் பயிருக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிநாசினியையே நாயின்மீது ஊற்றிவிடுவர். சொறியால் உடனே சாகாத நாய் இதனாற் சாகும். பூச்சிநாசினி தோலினூடாகவும், நாய் உடலை நக்குவதால் வாயினூடாகவும் உட்சென்று, நீர்வடிதல், நடுக்கம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். ஊற்றியவர் கைக்கும் அது கேடே.

சொறிக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியாகும். மாட்டிலும் நாயிலும் இரத்தங் குடித்துத் தொங்கும் உண்ணி வேறு, இது வேறு. இச்சிற்றுண்ணியில் இருவகை முக்கியமானவை.

முதலாம் வகையிற் பெண் உண்ணி மேற்றோலைக் குடைந்து, அதனுள் முட்டையிடும். அம்முட்டை பொரித்து முதிர்ந்த உண்ணியாவதற்கு ஏறத்தாழ 3 கிழமை செல்லும். ஆகவே, ஒருமுறை மருந்திட்டுத் தினவு தணிந்ததும் நிறுத்துவோர், சில கிழமைகளில் அதே சொறியை மீண்டுங் காண்பர். காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களிலேயே இது பெரும்பாலும் தொடங்கும். காது விளிம்பை விரல்களாற் கசக்கும்போது நாய் பின்னங்காலால் சொறிய முயலுமாயின், இவ்வகையெனச் சந்தேகிக்கலாம். இது நாய்க்கு நாய் விரைவிற் பரவும்.

மற்றைய வகை மயிர்க்கால்களில் வாழ்வது. பால்குடிக்கும் முதல் நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்குச் சேரும். கண்ணைச் சுற்றியும் வாயருகிலும் மயிர் உதிரும், தினவு குறைவு. அயல் நாய்க்கோ மனிதருக்கோ இதனால் தொல்லை இல்லை. இளங்குட்டியிற் சிறு திட்டாகத் தோன்றுவது பெரும்பாலும் தானே மாறும்.

இரண்டையும் பிரித்தறிய, மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார். இன்று நாயின் நிறைக்கேற்பக் கொடுக்கும் குளிசைகளும் உள. மாட்டுக்கென வாங்கிய ஐவமெக்ரினை மதிப்பாக ஏற்றுதல் கூடாது. கொலி போன்ற சில இன நாய்களுக்கு அது நஞ்சாகும். முதலாம் வகையாயின், வீட்டிலுள்ள நாய்கள் யாவற்றுக்கும் ஒரே காலத்தில் மருந்திடல் வேண்டும். நோயுற்ற நாய் படுத்த சாக்கை எரித்துவிடுக.

நாயுடன் பழகுவோரின் கையிலும் வயிற்றிலும் சிவந்த கொப்புளங்கள் தோன்றக்கூடும். நாய் குணமடைய அவையும் பெரும்பாலும் மாறும். மாறாவிடின் வைத்தியசாலைக்குச் செல்க. வீட்டில் நாய் இருப்பதையும் அங்கே கூறுக.