மாத்திரையா, மாவா, பத்தியமா?

ரமணாசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் குடியிருக்கும் இளம் தம்பதிக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சம் இல்லை. இயற்கை அங்காடியில் முருங்கைப் பொடியும் ஸ்பைருலினாவும் காட்டுவார்கள். மருந்துக்கடையில் புரத மாவு டப்பா, நாட்டு மருந்துக்கடையில் லேகியம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை, தாய்வீட்டில் பத்தியம். இத்தனையையும் ஒரே வயிறு தாங்காது, ஒரே சம்பளமும் தாங்காது. எதை முதலில் வைக்கலாம் என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஃபோலிக் அமிலம். அதன் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை என்று நாம் அறியும் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் என்று தெரிந்தது.

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அதற்குப் பிறகுதான். அதனால், நாள் தள்ளிப்போன பின் தொடங்கும் மாத்திரை இந்த ஒரு வேலைக்குத் தாமதம். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த மாதமே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். முதல் குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தாலோ, வலிப்பு மருந்து எடுத்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ அளவு கூடும். அதை மருத்துவர் சொல்லட்டும். பிள்ளைவரம் வேண்டிக் கிரிவலம் வருகிறவர்களும் சஷ்டி விரதம் இருக்கிறவர்களும் விரத நாளில்கூட இந்த மாத்திரையை விட வேண்டாம்.

கணவருக்கென்று விற்கும் துத்தநாக, ஃபோலிக் மாத்திரைகளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், அவற்றால் குழந்தைப் பேறு கூடவில்லை. புகையையும் மதுவையும் விடுவதும், தைராய்டு, சர்க்கரை, விந்தணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்வதும் அதைவிட மேல்.

கர்ப்பம் உறுதியானதும் பேரீச்சம்பழமா, இரும்புச்சத்து மாத்திரையா என்ற கேள்வி வரும். அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் இரும்பு 60 மில்லிகிராம். ஐந்தாறு பேரீச்சம்பழத்தில் இரண்டு மில்லிகிராம் இருந்தாலே அதிகம். பழம் நல்லதுதான், ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது. தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. முதலில் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காமல், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து எடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் பலர், அது இயல்பு. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் செவிலியரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

புரத மாவு டப்பாவைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: பெரும்பாலோருக்கு வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படும் புரதம் தினம் 22 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கணக்கு முடிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். 12 வாரத்துக்குள் சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய கேள்வி சாத்வீக உணவு. பாலும் தயிரும் பருப்பும் கீரையும் உள்ள சைவத்தில் கர்ப்பத்தை நன்றாகவே நடத்தலாம், ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். பாலையும் விட்டவர்களுக்கு பி12 மாத்திரை கட்டாயம். ஸ்பைருலினா அதற்கு ஈடாகாது. அதில் இருக்கும் பி12இல் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத வகை. இந்துப்பு மட்டும் புழங்கும் வீட்டில் அயோடின் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். சமையலுக்கு அயோடின் உப்பையே வையுங்கள். வேகவைக்காத முளைகட்டிய பயறும், காய்ச்சாத நாட்டு மாட்டுப் பாலும் இந்த மாதங்களில் வேண்டாம்.

சித்த மருந்து எடுப்பதென்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும். அமுக்கராவைக் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன மூலிகை மாத்திரைகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈய நஞ்சு ஏறியிருந்ததை நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2012இல் அறிவித்தது. சீட்டு ஒட்டாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் பத்தியத்தை முழுதாகத் தள்ளவும் வேண்டாம், முழுதாகக் கொள்ளவும் வேண்டாம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கட்டும். தண்ணீரைக் குறைப்பது, காய்கறியையும் பருப்பையும் நிறுத்துவது, ஒரு வேளைச் சோற்றோடு விடுவது ஆகியவற்றைக் கைவிடுங்கள். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்குத் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பால் ஊறுவது முக்கியமாகக் குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதால்தான். தண்ணீர்விட்டான் கிழங்குக்கு இருக்கும் சான்று சிறியது. சீம்பாலைக் கொடுங்கள், சேனை தொடுவதும் கழுதைப்பாலும் வேண்டாம்.

இங்கே குடியேறியவர்களில் பலருக்குத் தாய்வீடு தொலைவில் இருக்கிறது. லேகியத்துக்கும் டப்பாவுக்கும் வைத்திருக்கும் பணத்தில், முதல் நாற்பது நாள் சமைத்துப்போட ஓர் அக்காவை ஏற்பாடு செய்யுங்கள். தாய்க்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்க வேறு எதுவும் இவ்வளவு உதவாது. பிரசவித்தவருக்கு அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். அது நோய், குணமாகக்கூடியது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.