சைக்கிள் டைனமோ விளக்கு: கம்பி இணைக்கும் முறை

விடியுமுன் கீரைக்கட்டும் பூக்கூடையும் ஏற்றிச் சந்தைக்குப் புறப்படும் பயிர்த்தொழிலாளருக்கும், இருட்டிய பின் துணிமூட்டையுடன் வீடு திரும்பும் நெசவாளருக்கும் சைக்கிளே இன்றும் உற்ற துணையாக இருந்து வருகிறது. இவ்விருசாராருக்கும் பயன்படும் பொருட்டு, டைனமோ விளக்கைத் தாமே பொருத்திக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் விளக்குவோம்.

விளக்கின் அவசியம்

கூவம் ஆற்றங்கரையிலுள்ள திருவேற்காட்டிலிருந்து வேலப்பன்சாவடி சென்று, பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகக் கோயம்பேட்டுச் சந்தையை அடையும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். பின்னால் ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் வினாடிக்கு 12½ மீட்டர் வீதம் குறைகிறது. விளக்கில்லாத சைக்கிள் 25 மீட்டர் தூரத்தில்தான் லாரி ஓட்டுநரின் கண்ணில் பட்டதென்றால், அவருக்குக் கிடைப்பது இரண்டே வினாடி. சிவப்பு விளக்கு எரிந்து 100 மீட்டரிலேயே தெரிந்துவிட்டால் எட்டு வினாடி கிடைக்கும். ஒதுங்கிச் செல்ல அது போதும். முன்விளக்கு நாம் வழியைக் காண்பதற்கு. பின்விளக்கு பிறர் நம்மைக் காண்பதற்கு. உயிரைக் காப்பதில் பின்விளக்கே முதன்மையானது. ஆயினும் பலரும் அதனைப் பழுதடைந்தபடியே விட்டுவிடுகின்றனர்.

டைனமோ வேலை செய்யும் விதம்

கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும் என்று 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். சைக்கிள் டைனமோவும் இவ்விதியையே கொண்டு இயங்குகிறது. டயரில் உராயும் சிறு உருளை உள்ளிருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. சுற்றிலும் அசையாதிருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ‘ஹெர்குலிஸ்’ வண்டிகளைச் செய்யத் தொடங்கிய காலந்தொட்டு, ‘மில்லர்’ என்னும் பெயர் பொறித்த டைனமோக்களை நம் ஊர்களில் பலரும் அறிவர்.

வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட் அளவினது. இதில் முன்விளக்கிற்கு 2.4 வாட், பின்விளக்கிற்கு 0.6 வாட். இரண்டும் சேர்ந்து சரியாக 3 வாட் ஆவதைக் கவனிக்க. வேறு அளவுள்ள பல்புகளை மாட்டினால் இந்தக் கணக்குக் கெடும்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. வாய்க்கால் நீர் கடைமடையில் பாய்ந்து அங்கேயே நின்றுவிடலாம். மின்சாரம் அவ்வாறு நிற்பதில்லை. அது தறியின் நாடாவைப் போன்றது. போன நாடா திரும்பி வந்தாலன்றித் துணி வளராது. அதுபோல டைனமோவிலிருந்து விளக்கிற்குச் சென்ற மின்சாரம் மீண்டும் டைனமோவிற்கு வந்து சேர்ந்தாலன்றி விளக்கு எரியாது.

சைக்கிளில் ஒற்றைக் கம்பிதான் இருக்கிறதே, மின்சாரம் எவ்வழியே திரும்புகிறது எனின், வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியே திரும்புகிறது. பெயிண்ட், துரு, பிளாஸ்டிக் மட்கார்டு ஆகியவை அவ்வழியை அடைத்துவிடும். நன்றாயிருக்கும் பல்பும் டைனமோவும் வீணே மாற்றப்படுவதற்குப் பெரும்பாலும் இவ்வடைப்பே காரணம். ஆதலின் சட்டத்தை மட்டும் நம்பாமல், திரும்பும் வழிக்கும் தனிக் கம்பி இழுப்பதே சிறந்தது என்பது நம் கருத்து. கூடுதலாகும் சில முழக் கம்பியின் செலவு அற்பமானது.

பொருத்தும் முறை

1. டைனமோவைப் பின்சக்கரத்தின் இடப்புறத்தில் பொருத்துக. முன்சக்கரத்திலும் பொருத்தலாம், ஆனால் பிடி தளர்ந்து டைனமோ ஆரக்கம்பிகளுக்குள் புகுந்தால் முன்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும். எங்கே பொருத்தினாலும் பிடியின் திருகாணிகளை நன்கு முறுக்க வேண்டும்.

2. டைனமோவின் நடு அச்சு நீண்டு செல்வதாக ஒரு கோட்டைக் கற்பனை செய்க. அக்கோடு சக்கரத்தின் நடு அச்சை நோக்கி அமைய வேண்டும். சாய்ந்திருந்தால் உருளை டயரை அரிக்கும், மிதிக்கவும் கடினமாகும். விளக்கு வேண்டாதபோது உருளைக்கும் டயருக்கும் இடையே ஒரு விரற்கனம் இடைவெளி இருக்கட்டும்.

3. பிடியிலுள்ள கூர்முனைத் திருகை, பெயிண்டைத் துளைத்து இரும்பைத் தொடும்வரை முறுக்குக.

4. டைனமோவின் அடியிலுள்ள முனையிலிருந்து இரு கம்பிகள் புறப்பட வேண்டும். ஒன்று முன்விளக்கிற்கு, மற்றொன்று பின்விளக்கிற்கு. ஒரு விளக்கின் வழியாக மற்றதற்குக் கொண்டுசெல்லலாகாது. கம்பியின் மேலுறையை ஒரு சென்டிமீட்டர் அளவு நீக்கி, இழைகளை முறுக்கி, திருகு சுழலும் திசையிலேயே அதனைச் சுற்றி இறுக்குக. பிரிந்த ஓர் இழை டைனமோவின் உடலைத் தொட்டாலும் இரு விளக்குகளும் அணைந்துவிடும்.

5. டைனமோவின் உடலிலுள்ள ஒரு திருகிலிருந்து ஒவ்வொரு விளக்கின் உடலுக்கும் வேறு நிறக் கம்பி ஒன்றை இணைக்க. இதுவே திரும்பும் வழி.

6. கம்பிகளைச் சட்டத்தோடு சாணுக்கு ஒரு கட்டாகக் கட்டுக. கைப்பிடி திரும்பும் இடத்தில் சற்றுத் தளர்வு விடுக. இழுத்துக் கட்டினால் அங்கேதான் அறும்.

7. முன்விளக்கின் ஒளி சுமார் 10 மீட்டர் முன்னால் தரையில் விழட்டும். பின்விளக்கைக் கேரியரில் ஏற்றும் சுமை மறைக்காத இடத்தில் வைக்க. தொங்கும் சாக்கிற்குப் பின்னே எரியும் விளக்கு இருந்தும் இல்லாததே.

பழுது காணல்

இரு விளக்குகளும் எரியாவிடில், முதலில் உருளை டயரில் நன்கு படிகிறதா என்று காண்க. மழையில் அது வழுக்கும்; உருளைக்கு ரப்பர் தொப்பி மாட்டுவது இதற்குப் பரிகாரம். அடுத்து டைனமோவின் முனையைச் சோதிக்க.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில் பல்பை மாற்றிப் பார்க்க. அப்போதும் எரியாவிட்டால் திரும்பும் வழியைச் சோதிக்க வேண்டும். இரண்டு டார்ச் செல்களும் அவற்றிற்கேற்ற ஒரு டார்ச் பல்பும் போதும். அவற்றை வரிசையாக இணைத்து, ஒரு முனையை டைனமோவின் உடலிலும் மறுமுனையை விளக்கின் உடலிலும் தொடுக. டார்ச் பல்பு பிரகாசமாய் எரிந்தால் வழி சரி. மங்கினாலோ எரியாவிட்டாலோ அவ்வழியில் அடைப்புண்டு. மேடுபள்ளத்தில் விளக்கு மினுக்குவது தளர்ந்த திருகின் அறிகுறி.

ஓர் எச்சரிக்கை. முன்பல்பு இழை அறுந்தால், அதற்குரிய மின்சாரம் முழுவதும் சிறிய பின்பல்பின்மீது பாய்ந்து அதனையும் எரித்துவிடும். பின்னால் விளக்கு அணைந்ததை ஓட்டுபவர் அறியார். ஆதலின் முன்விளக்கு அணைந்தவுடன் இறங்கி, டைனமோவை டயரிலிருந்து விலக்குக. மாற்றுப் பல்பு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

எல்.இ.டி. விளக்குகள்

இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருகின்றன. ஆனால் டைனமோவில் பிறப்பது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பேட்டரிக்கென்று செய்த விளக்கை நேரே இணைத்தால் அது கெடும். டைனமோவிற்கென்று செய்தவற்றையே வாங்குக. வண்டி நின்றபின்னும் சிறிது நேரம் எரியும் பின்விளக்குகளும் இவற்றில் உண்டு. சாதாரணப் பல்போ, சக்கரம் நின்றவுடன் அணைந்துவிடும். ஆகவே அத்தகைய வண்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதிருப்பி ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

ஒருவருக்குத் தேவையான கம்பி சில முழம். கடையில் ஒரு சுருளாக வாங்கினால் மலிவு. பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரு சுருள் கம்பியும் ஒரு பெட்டி பல்பும் வாங்கி, ஒரு மாலைப்பொழுதில் சங்கக் கட்டிடத்தில் கூடினால், பத்து வண்டிகளிலும் விளக்கெரியும். பழகிய ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பதும் கூட்டுறவின் ஒரு பகுதியே.

ஆய்வு வட்டத்திற்கான வினாக்கள்

1. ஒற்றைக் கம்பி கொண்ட வண்டியில் மின்சாரம் எவ்வழியே டைனமோவிற்குத் திரும்புகிறது? அவ்வழி அடைபடும் காரணங்கள் யாவை?

2. முன்பல்பு அறுந்தால் பின்பல்பும் எரிந்துபோவது ஏன்?

3. நம் அங்கத்தினரின் வண்டிகளில் எத்தனைக்குப் பின்விளக்கு எரிகிறது? கணக்கெடுத்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.