லாரியின் மின்சார அமைப்பு: பழுதறிதலும் பராமரிப்பும்

சங்கத்தின் லாரியைப் பற்றி மகாசபைக் கூட்டங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் டீசல் செலவையும் டயர் செலவையும் பற்றியவையே. பாட்டரிச் செலவைப் பற்றி எவரும் அதிகம் கேட்பதில்லை. ஆனால் வாழைத்தார் ஏற்றிய லாரி விடியற்காலையில் கிளம்ப மறுத்தால் அன்றைய சந்தை விலை கைவிட்டுப் போகிறது. நூல் மூட்டை வந்து சேராவிட்டால் தறி நிற்கிறது. அந்த அவசரத்தில் புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. சில வாரங்களில் அதுவும் ஓய்ந்துவிட்டால், குற்றம் பாட்டரியிடத்தில் இல்லை என்பது அப்போதுதான் புலனாகிறது. பழுதை அறிந்த பின்னரே பணம் செலவிட வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

அமைப்பு

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. 1897-ஆம் ஆண்டில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய என்ஜினின் தத்துவமே இன்றும் நிலவுகிறது: காற்றை மிகவும் அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்தில் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அவ்வழுத்தத்தை எதிர்த்து என்ஜினைச் சுழற்ற, ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. ஆகையால் பெரிய லாரிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். என்ஜின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர், செலவான மின்சாரத்தைப் பாட்டரிகளுக்குத் திருப்பி அளிக்கிறது.

பழைய லாரிகளுள் பல, ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரம் குறைந்தாலும் ஓடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 லாரிகளில் எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து செலுத்துவதால், மின்சாரக் குறைவு வண்டியை நடுவழியிலும் நிறுத்திவிடக்கூடும்.

அறிகுறிகள்

சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டு என்ஜின் சுழலாவிடில், பாட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கலாம். அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஓசையே எழாவிடில் பியூஸ், சுவிட்சு, சாலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் மட்டும் வேகமாகச் சுழன்றால், அதன் பற்சக்கரம் என்ஜினைப் பற்றவில்லை என்று பொருள். வண்டி ஓடும்போதும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணையாவிடில் பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ சோதிக்க வேண்டும். பல்புகள் அடிக்கடி கருகுவதும், பாட்டரி நீர் விரைவில் வற்றுவதும் அளவுக்கு மீறிய மின்னேற்றத்தின் அடையாளங்கள். பழுது பெரும்பாலும் ரெகுலேட்டரில் இருக்கும்.

அளந்தறிதல்

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரே போதும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி ஒவ்வொன்றும் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் பாதியே மிஞ்சியிருக்கிறது. என்ஜின் ஓடும்போது, இரண்டு பாட்டரிகளுக்கும் சேர்த்து 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் என்ஜின் மந்தமாகச் சுழல்கிறதா? அப்போது எர்த் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை என்ஜின் உடலிலும் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் துருவோ தளர்வோ உண்டு. உப்புத்தாளும் அரைமணி நேர உழைப்புமே பல சமயங்களில் இதற்கான செலவு. புதிய பாட்டரி இக்குறையைத் தீர்க்காது.

மற்றொரு மறைவான காரணத்தையும் சொல்ல வேண்டும். ரேடியோவுக்காகவும் கைபேசிக்காகவும் இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது சில ஓட்டுநர்களின் வழக்கம். அந்தப் பாட்டரி எப்போதும் குறைந்தும், மற்றது எப்போதும் மிகுந்தும் மின்னேற்றம் பெறுவதால், இரண்டுமே விரைவில் கெடுகின்றன. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டரைப் பொருத்துவதே முறை. மாற்றும்போதும் இரண்டையும் ஒரே அளவுள்ளனவாக, ஒருங்கே மாற்ற வேண்டும்.

பராமரிப்பு

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கியபின் வாஸ்லின் தடவுக. கழுவும் நீர் பாட்டரிக்குள் புகலாகாது. நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில், தகடுகள் மூழ்கியிருக்குமாறு காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க வேண்டும், அமிலம் ஊற்றலாகாது. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுக. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டரி இணைப்பை நீக்கினால் ஆல்டர்னேட்டரும் மின்னணுக் கருவிகளும் கெட்டுவிடக்கூடும். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் இயக்காமல், இடையே ஒரு நிமிஷம் ஓய்வு தருக.

பியூஸ் எரிந்தால் அதே அளவுள்ள பியூஸையே பொருத்த வேண்டும். தடித்த கம்பியைச் சுற்றி வைத்தால் பியூஸுக்குப் பதிலாக வண்டியின் கம்பிகள் எரியும். பஞ்சும் நூலும் ஏற்றிய வண்டியில் அதன் விளைவை அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் கடமை

ஒவ்வொரு லாரிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, ஓய்வு நிலை வோல்ட், ஓடும் நிலை வோல்ட், நீர் சேர்த்த தேதி ஆகியவற்றை மாதம் ஒருமுறை எழுதச் செய்க. அளவு குறிக்கப்படாமல் வரும் பாட்டரி பில்லை நிர்வாகக் குழு ஏற்கலாகாது. ஓட்டுநரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. வீண்பழியிலிருந்து அவரையும், வீண்செலவிலிருந்து அங்கத்தினர்களின் பொதுப் பணத்தையும் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு.